சத்தம் போடாத பஸ்

குன்றின் மேலிருந்த அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய டீசல் பஸ்ஸுக்கு மாணவர்கள் வைத்த பெயர் இருமல். ஏற்றத்தில் அது இருமிக்கொண்டு வந்தால் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவைகள்கூட நடுங்கும். அதை ஓரங்கட்டிவிட்டு, பேட்டரி பஸ் ஓடத் தொடங்கி எட்டு நாளாகிறது. ஓட்டுவது, ஏழு வருடம் அதே கொட்டகையில் பஸ் கழுவிக்கொண்டிருந்தவள்.

ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவளுக்கு இறங்கவே மனம் வராது. இறக்கத்தில் காலை எடுத்தால் போதும், பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திரும்பி வரும். திரையில் அறுபத்திரண்டு சதவீதம் அறுபத்துமூன்றாக ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம் தெருவில் எதையோ கண்டெடுத்தவள் போலச் சிரித்துக்கொள்வாள். மதியம் கொட்டகைக் கூரையிலிருக்கும் சோலார் தகடுகள் பஸ்ஸுக்கு ஊட்டிவிட, பக்கத்தில் உட்கார்ந்து அவளும் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள்.

எல்லாம் சரி. ஆள்தான் ஏறவில்லை.

பத்தாம் நாள் பல்கலைக்கழக இன்ஜினியர் கூடவே வந்து எண்ணப்போகிறார். நடைக்கு இருபது பேராவது ஏற வேண்டும். இல்லையென்றால் பேட்டரி பஸ் வேறொரு வளாகத்துக்குப் போய்விடும், இருமல் திரும்பி வரும், அவள் மறுபடி தண்ணீர்க் குழாயைப் பிடிக்க வேண்டியதுதான். இதுவரை பன்னிரண்டைத் தாண்டவில்லை.

"சும்மா ஏத்திட்டுப் போற பஸ்ல ஏற இவங்களுக்கு என்னம்மா கேடு?" என்று தலையைப் பிய்த்துக்கொண்டார் இன்ஜினியர். தகடுகளுக்கும் பஸ்ஸுக்கும் நாயாய் அலைந்தவர் அவர்தான். "நேரத்துக்குத்தானே போறீங்க?"

"நிமிஷம் பிசகாம போறேன் சார்."

அன்று சாயங்காலம் நாத்தனார் கொட்டகைக்குள் வந்தாள், செருப்பைக் கையில் பிடித்தபடி. அவளுக்கு ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை.

"என்ன அண்ணி, டிரைவர் ஆனதும் சொந்தக்காரங்க கண்ணுக்குத் தெரியலையா? அஞ்சு மணி பஸ் எங்க போச்சு? நடந்து நடந்து கால் ரெண்டும் கழண்டு போச்சு."

"வந்தேனே. உங்க வாசல்ல ரெண்டு நிமிஷம் நின்னேன்."

"புளுகாதீங்க. காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு சத்தமும் வரலை."

"இதுக்கு ஏதுடி சத்தம்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அந்த வளாகத்தில் யாருமே நிறுத்தத்தில் நின்று பழகியதில்லை. அடிவாரத்தில் இருமல் கேட்டதும் புத்தகத்தை மூடி, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் படியிறங்கினால் பஸ்ஸும் வாசலுக்கு வந்திருக்கும். கடிகாரத்தை யார் பார்த்தார்கள்? இப்போதும் எல்லோரும் உள்ளே இருமலுக்காகக் காத்திருக்க, பேட்டரி பஸ் வாசல் வரை வந்து நின்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"ஹாரனை அடிங்க அண்ணி!"

"வளாகத்துக்குள்ள அடிக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கு."

"வாய்க்கும் போர்டு இருக்கா? கத்திக் கூப்பிடுங்க."

"நானா?"

"நீங்கதான். கல்யாணம் ஆன புதுசுல நீங்க ஊமையோன்னு எங்கம்மா ரெண்டு நாள் தூங்கலை."

ஒன்பதாம் நாள் முழுக்க அவள், கத்துவதைத் தவிர வேறு எல்லாம் செய்தாள். நேரப் பட்டியலை எழுதி ஒவ்வொரு கட்டட வாசலிலும் ஒட்டினாள். ஒருவரும் நின்று படிக்கவில்லை. நடைக்குப் பதினாலு பேர்தான் ஏறினார்கள்.

பத்தாம் நாள் காலை, இன்ஜினியர் பென்சிலும் தாளுமாக முன் இருக்கையில் உட்கார்ந்தார். விடுதியில் நாலு பேர். நூலகத்தில் மூன்று பேர். ஆய்வுக்கூட வாசலில் நிறுத்தி, ஜன்னலைத் திறந்தாள்.

"போ... போறோம்..."

"என்னம்மா, தண்ணி வேணுமா?" என்றார் இன்ஜினியர் பரிவாக.

தண்ணீர் என்றதும் குழாயும் சேறும் ஈரச் சேலையும் அவள் கண்முன் வந்து நின்றன. தலையை வெளியே நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"பஸ் வந்திருக்கு! மேல போறவங்க எல்லாம் வாங்கோ!"

இன்ஜினியரின் பென்சில் கீழே விழுந்தது. இரண்டாம் மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. பிறகு வரிசையாக நாலைந்து. படிகளில் தடதடவென்று காலடிச் சத்தம். ஒருத்தி ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தாள். நாத்தனார் எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறி, "எங்க அண்ணிதான், எங்க அண்ணிதான்" என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னாள்.

கணக்குப் பேராசிரியர் மூச்சிரைக்க ஏறினார். "இத்தனை நாளா எந்த வழியா போனீங்க?"

"இதே வழிதான் சார்."

"அப்ப நான் பத்து நாளா எதுக்கு நடந்தேன்?"

"உடம்புக்கு நல்லது சார்" என்றாள் நாத்தனார்.

பஸ் சிரித்தது. இருபத்தாறு என்று எழுதினார் இன்ஜினியர். அடுத்தடுத்த நடைகளுக்கு அவள் கண்ணை மூடவில்லை. பிற்பகலில் குரலுக்கு ஒரு ராகம்கூட வந்துவிட்டது. கடைசி நடையில் இன்ஜினியர் தன் இடத்தை ஒரு மூட்டைப் புத்தகத்தோடு வந்தவளுக்குக் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி எண்ணினார்.

கொட்டகையில் இறங்கும்போது, "பஸ் இங்கதான் இருக்கும். நீங்களும்தான்" என்றார். பிறகு தயக்கத்தோடு சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "ஆனா நூலகத்துலேர்ந்து ஒரு புகார். யாரோ ஒரு அம்மா ஊரைக் கூட்டுற மாதிரி கத்துறாங்களாம்."

அவள் தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள். 'காது கிழிகிறது' என்றே எழுதியிருந்தார்கள்.

"இனிமே அங்க மட்டும் மெதுவா கூப்பிடுறேன் சார்."

"அது போதும்."

"இந்தத் தாள் உங்களுக்கு வேணுமா சார்?"

"வேணாம். ஏன்?"

"எங்க மாமியார்கிட்ட காட்டணும்."