முப்பதாம் நாள் பேனர்

கம்ப்யூட்டர் திரையில் 'இறைவனில் இளைப்பாறினார்' என்ற வரியைப் பார்த்ததும் அன்னமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னமோ அவள் புருஷன் தனசீலன் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகச் சாய்ந்த மாதிரி. பக்கத்தில் நின்ற கொழுந்தன் ரெனால்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரு எழுதச் சொன்னா இத?"

"எல்லாருக்கும் இதான மதினி போடுவாவ."

"எல்லாரையும் தூக்குலயா போட்டானுவ?"

ரெனால்ட் தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டான். ஃபிளெக்ஸ் கடைக்காரப் பையன்கள் இருவரும் வேலையைப் பார்ப்பதுபோலக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

தனசீலன் கட்டிங் மாஸ்டர். பதினெட்டு வருஷம் தாராவியில் கத்தரி பிடித்தவன். ஆள் அனுப்பும் தொழில் செய்கிற ரெனால்ட்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் அண்ணனை ராணுவம் ஆளுகிற ஒரு நாட்டின் ரெடிமேட் கம்பெனிக்கு ஏற்றிவிட்டான். அந்த நாட்டின் பேரை அன்னமேரி இப்போது வாயால் சொல்வதில்லை. 'அங்க' என்பதோடு சரி. அங்கே வேலை நேரத்தில் தையல் ஹாலை வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். பூட்டிய ஹாலுக்குள் ஒரு பெண் மயங்கி விழுந்து செத்த பிறகு, தொழிலாளர்கள் சங்கம் சேர்த்து மெஷினை நிறுத்தினார்கள். வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்கச் சொன்னாலே முதுகைப் பிடித்துக்கொள்கிற மனுஷன் அதில் முன்னால் நின்றான் என்பதை அவளால் முதலில் நம்பவே முடியவில்லை. ராணுவம் அதற்குத் தேசத்துரோகம் என்று பேர் வைத்தது. கதவைச் சாத்திக்கொண்டு விசாரணை நடத்தி, சங்கத்துக்காரர்கள் நாலு பேரை ஒரே காலையில் தூக்கில் போட்டது. உடம்பைத் தரவில்லை, புதைத்த இடத்தையும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை முப்பதாம் நாள் பூசை. கல்லறை இல்லாதவனுக்குச் சந்து முனையில் கட்டப்போகிற இந்த பேனர்தான் மிச்சம். அதிலும் பொய் என்றால் அவள் வயிறு எரியாதா?

"தம்பி, அந்த வரிய அழி. 'தூக்கிலிட்டுக் கொல்லப்பட்டார்'னு போடு."

கம்ப்யூட்டரில் இருந்த ஹரி தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழை எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிப்பான். "அப்டின்னா என்ன ஆன்ட்டி?" என்றான்.

"ஃபாசி," என்றாள் இந்தியில்.

அவன் கை மவுஸ் மேல் அப்படியே நின்றது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு அடித்தான்.

"மதினி, சொன்னா கேளுங்க. அங்க நம்ம பயலுவ இன்னும் பத்தொம்பது பேரு இருக்கானுவ. பாஸ்போர்ட் கம்பெனி கையில. இத எவனாவது வாட்ஸப்புல போட்டா அவனுவ கதி என்ன?"

"இதுல அவனுவ பேரா இருக்கு? செத்தவரு பேருதான இருக்கு. உம்ம தொழிலு படுத்துரும்னு பயந்தா அத நேராச் சொல்லும்."

ரெனால்ட் வெளியே போய் போனை எடுத்தான். பேனரின் அடியில், வழக்கம்போல, துக்கம் தெரிவிப்பவர்களின் முகங்கள் சின்ன வட்டங்களில் இருந்தன. மொத்தம் எட்டு. பெரும்பாலும் பேட்டையில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி என்று எழுதிச் சிரித்துக்கொண்டிருப்பவர்கள். கால் மணி நேரத்தில் ஒவ்வொருவராக ஹரிக்கு போன் செய்து தங்கள் படத்தை எடுத்துவிடச் சொன்னார்கள். ஒருவருக்குப் பையனின் விசா வேலை நடந்துகொண்டிருந்தது. இன்னொருவர் காரணம்கூடச் சொல்லவில்லை. ஆறு முகங்கள் போயின. உள்ளே வந்த ரெனால்ட், அவள் முகத்தைப் பார்க்காமல், "என்னுதையும் எடுத்துரு" என்றான்.

கூடப் பிறந்தவன். அன்னமேரிக்கு அழுகை வரவில்லை, காறித் துப்பலாம் போல இருந்தது.

மிஞ்சியது சுரேந்திரனின் முகம். அங்கே தனசீலனுக்குப் பக்கத்து மேஜையில் துணி வெட்டுகிறவன். முந்தாநாள் அவனாகவே போட்டோவை அனுப்பியிருந்தான். 'அக்கா, என்ன விட்டுறாதீங்க, அண்ணன் எனக்காவவுந்தான் பேசுனாரு' என்று குரலும் அனுப்பியிருந்தான். அந்த ஒரு முகமாவது இருக்கட்டும் என்று அவள் மனசு கெஞ்சியது.

ரெனால்ட் மெதுவாகச் சொன்னான். "இவன் அங்கதான் இருக்கான். இவனுக்கும் பேனர் அடிக்கணுமா மதினி?"

இத்தனை நாளில் அவன் பேசிய ஒரே நியாயம் அதுதான். அதுவும் இவன் வாயிலிருந்து வந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திரையில் பெரிதாகத் தெரிந்த அந்தப் பையனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துரு, ஹரி," என்றாள். "வட்டம் எட்டும் வெறுமனே இருக்கட்டும்."

ரெனால்ட் போய்விட்டான். ஹரி மெஷினை ஓடவிட்டான். மை கக்கும் பெட்டி இடமும் வலமும் ஓட, வெள்ளைத் துணி விரல்கடை அகலமாக நகர்ந்து வந்தது. முதலில் சிலுவை, பிறகு சுருட்டை முடி, நெற்றி. கண்கள் வந்ததும் அன்னமேரி எழுந்து மெஷினருகே போனாள். மூக்கு வந்தது. தனசீலன் அரைகுறையாகக் கத்தரித்துக்கொள்கிற மீசை வந்தது. அவள் இன்னும் கிட்டே குனிந்தாள்.

தாடைக்குக் கீழே ஏதோ தெரிந்தது. அவள் கொடுத்தது காலர் திறந்த அரைக்கைச் சட்டை போட்டோ.

"கோட்டு டை நான்தான் கடைசில செட் பண்ணேன் ஆன்ட்டி," என்றான் ஹரி. "எல்லாருக்கும் போடுறதுதான். டீசென்ட்டா இருக்கும்."

நீல முடிச்சு தனசீலனின் தொண்டைக்குழியில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அன்னமேரி இரண்டு விரல்களை அதன்மேல் வைத்து, தளர்த்துவதுபோல, கீழே இழுத்தாள். காயாத மை கழுத்தெல்லாம் இழுபட்டது. அவள் மறுபடியும் இழுத்தாள். மெஷின் கோட்டின் முதல் பொத்தானை அடித்துக்கொண்டிருந்தது.