டெரிக் விரதம் விட்ட ஞாயிறு

கன்டெய்னர் லாரி ஓட்டும் டெரிக் மீனைத் தொட்டு மாதக்கணக்காகிவிட்டது. சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் டோல்கேட் அருகே பிரேக் பிடிக்காமல் போய், யாருக்கும் ஒன்றும் ஆகாமல் வண்டி மணல் குவியலில் ஏறி நின்றது. இனி மீனே வேண்டாம் என்று அன்றே கடவுளிடம் சொல்லிவிட்டான். அது போதாதோ என்று பயந்து டீயை விட்டான். பிறகு கோயிலுக்கு வெறுங்காலில் நடந்தான். விட விடக் கோபம்தான் ஏறியது. வீட்டில் குழம்பு கொதித்தாலே எரிந்து விழுந்தான்.

அந்த ஞாயிறு, திருவொற்றியூர் லுத்தரன் கோயிலில் பாஸ்டர் கிறிஸ்டினா விடுதலையைப் பற்றிப் பிரசங்கித்தார். கிறிஸ்து விடுவித்தவனிடம் கடவுள் வாடகை கேட்பதில்லை என்றார். ஆராதனை முடிந்ததும் டெரிக் வாசலில் அவரை நிறுத்தினான்.

"அப்போ நான் மீனு துன்னலாமா, பாஸ்டரம்மா?"

"தாராளமா. மீனை விட்டதுக்காகவா அவர் உங்களைக் காப்பாத்தினார்? வண்டி நின்னப்புறம்தானே விட்டீங்க?"

உண்மைதான். "அப்போ அவருக்கு நான் இன்னாதான் செய்யணும்?"

"அவருக்கு ஒண்ணும் வேண்டாம். கை சும்மாதானே இருக்கு, பக்கத்துல இருக்கறவங்களுக்கு உதவட்டும்."

டெரிக் விசில் அடித்துக்கொண்டே மீன் வாங்கப் போனான். தெருத்தெருவாக மீன் விற்கும் சொக்கம்மாள், முனையில் கூடையை இறக்கிவைத்து உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது.

"வழுக்கி வுழுந்துட்டேன் நைனா. நடக்க முடில."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாக்கா."

"மீனு கெட்டுப்பூடுமே. வித்துட்டுதான் வருவேன்."

டெரிக் ஓர் ஆட்டோவைப் பிடித்து அவளை ஏற்றினான். கூடையைத் தன் தலையில் தூக்கிக்கொண்டான். ஆட்டோ ஊர்ந்தது. அவள் உள்ளேயிருந்து விலை சொன்னாள். அவன் வீடு வீடாகக் கூவினான். வெள்ளைச் சட்டையில் மீன் தண்ணீர் வழிந்தது. கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பாடகர் குழு வில்சன் நின்று பார்த்தான்.

"இன்னா டெரிக், புது வேண்டுதலா?"

"வேண்டுதல்லாம் முடிஞ்சிபோச்சி மாமு. இது சும்மா."

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது. காலையிலிருந்து அவன் எதற்கும் பயப்படவில்லை.

"பேச்சு அப்பால," என்றாள் சொக்கம்மாள். "அந்தப் பச்ச கேட்டு வூட்டாண்ட போ. வவ்வாலு மீனு கேட்டுகினு இருந்தாங்க."

கூடை காலியான பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எலும்பு முறியவில்லை. கட்டுப் போட்டு, ஒரு வாரம் நடக்கக் கூடாது என்றார்கள். அவளை வீட்டில் இறக்கிவிட்ட டெரிக், வாசலிலேயே நின்றான்.

"நாளைக்கு எனக்கு ராத்திரி ஷிப்டுதான்," என்றான். "காலைல மீனு எடுக்க எப்போ வரணும்க்கா?"