ஏகாதசிப் பல்

மண்டி மொஹல்லாக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் மாரிசாமிக்குப் பல் எடுத்த பிறகு ரத்தம் நின்றுவிட்டது. வக்கீல் செலுவநாராயணனுக்கு நிற்கவில்லை. ஏன் என்று பல் டாக்டர் ரங்காவுக்குப் புரியவில்லை.

இரண்டு பேருக்கும் கீழ்த்தாடையின் கடைசிப் பல் எலும்புக்குள் படுத்தபடி முளைத்திருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே முறைதான்: மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைக் கீறி, எலும்பை உளியால் கொஞ்சம் செதுக்கி, பல்லை இரண்டாகப் பிளந்து எடுப்பது. இதைக் கற்றுக்கொள்ள ரங்கா கல்கத்தா வரை போய்வந்தவர். பல்லுக்குப் போய்ப் படிப்பா என்று சொந்த மாமனாரே கேட்டிருக்கிறார்.

மாரிசாமி மறுநாள் வந்தபோது, கடித்துக்கொள்ளக் கொடுத்த துணி இன்னும் வாயில் இருந்தது.

"ஏம்ப்பா, நேத்தே எடுத்திருக்கலாமே?"

"எடுக்கச் சொல்லலீங்களே சாமி."

பல் எடுத்த குழி மிக நன்றாக மூடியிருந்தது.

வக்கீலோ வலப்பக்கப் பல்லை எடுத்த அன்று இருட்டும்வரை ரத்தம் துப்பினார். இப்போது இடப்பக்கம் வீங்கிவிட்டது. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்கிறது. கோர்ட்டில் அவர் வாதாடுவது அவருக்கு மட்டும் கேட்கிறது. சீழ் கழுத்துக்கு இறங்கினால் கோர்ட்டே வேண்டியிருக்காது. ஆனால் அவர் மனைவி அம்புஜவல்லி சம்மதிக்கவில்லை.

"இன்னொரு தரம் இவர் வாயில உளி வெக்க விடமாட்டேன்."

சமாதானம் சொல்ல ரங்கா அவர்கள் வீட்டுக்கே போனார். காபி வந்தது. குடித்து முடித்ததும் இருவரும் வழக்கம்போலக் கொல்லைக்குப் போய் வாய் அலம்பினார்கள். திறக்காத அந்த வாயிலிருந்து வக்கீல் கொப்பளித்த தண்ணீர் எதிர்ச்சுவரில் போய் அடித்தது.

ரங்கா சுவரைப் பார்த்தார்.

"மாமா, பல் எடுத்த அன்னிக்கும் இப்படித்தான் அலம்பினேளா?"

"பின்னே? காபி குடிச்சேன், அலம்பினேன். ரத்தம் வந்தது, அதுக்கும் அலம்பினேன். மறுபடி வந்தது, மறுபடி அலம்பினேன். எச்சில் இல்லையோ?"

ரங்கா தன் கையில் அள்ளியிருந்த தண்ணீரை மெதுவாகக் கீழே விட்டார். அவரும் பிறந்ததிலிருந்து அலம்புகிறவர். அதனால்தான் கண்ணில் படவில்லை.

பல் இருந்த இடம் எலும்பில் ஒரு குழி. கையில் பட்ட காயம் போல அதைக் கட்டுப்போட்டு மூட முடியாது. ரத்தமே உறைந்து அந்தக் குழிக்கு மூடியாக வேண்டும். முதலில் அது பாதி உறைந்த தயிர் மாதிரி இருக்கும். துணியைக் கடித்து அமுக்கிக்கொண்டு சும்மா இருந்தால் இறுகும். கொப்பளித்தால் மூடி பிய்ந்து வெளியே வரும். வக்கீல் அன்று முழுவதும் மூடி செய்வதும் துப்புவதுமாக இருந்திருக்கிறார்.

"இந்தத் தடவை ஒரு நாள் அலம்பாம இருங்கோ," என்றார் ரங்கா.

"சாப்டுட்டு எச்சில் வாயோட பெருமாளைச் சேவிக்கறதா? ரத்தமே வரட்டும்."

"அப்போ சாப்பிடாதீங்கோ."

"ஒரு நாள் பூராவுமா?"

ரங்கா அம்புஜவல்லி பக்கம் திரும்பினார். "மாமி, ஏகாதசி என்னிக்கு?"

"நாளன்னிக்கு," என்ற அம்புஜவல்லிக்கு அப்புறம்தான் விஷயம் உறைத்தது. "ஐயோ, ஏகாதசியில ரத்தமா?"

"சாப்பிடக்கூடாதுன்னுதானே சொல்லியிருக்கு. பல்லை எடுக்கக்கூடாதுன்னு இல்லையே மாமி."

"வாயில வெக்கற துணி?"

"கொதிக்கற தண்ணியில போட்டு எடுத்தது. உங்க மடிப்புடவையைவிட மடி."

அம்புஜவல்லி வக்கீலைப் பார்த்தாள். "சரி, ஏகாதசியே ஆகட்டும்," என்றாள்.

ஏகாதசி காலை வக்கீல் வாய் அலம்பிவிட்டு வந்தார். சீழை வடித்து, பல்லைப் பிளந்து எடுத்தார் ரங்கா. வக்கீல் துணியைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். துணியை எப்போது எடுக்க வேண்டும் என்பதையும் ரங்கா இந்த முறை சொல்லி அனுப்பினார். அன்று பூராவும் உணவில்லை, அதனால் எச்சில் இல்லை, அதனால் கொப்பளிப்பும் இல்லை. மறுநாள் துவாதசியன்று, அம்புஜவல்லி ரத்தத்துக்காக எடுத்துவைத்திருந்த துண்டுகளை மடித்துத் திரும்ப உள்ளே வைத்தாள். சில நாளில் வீக்கம் வடிந்து, ஜட்ஜ் கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்லும் அளவுக்கு வாய் திறந்தது.

அதன் பிறகு அக்ரஹாரத்திலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் ரங்கா இதையே சொன்னார்: ஏகாதசியன்று, காலையில் வாய் அலம்பி முடித்த பிறகு பல்லை எடுக்க வேண்டும், துவாதசியன்று சாப்பிட்ட பிறகும் கொப்பளிக்காமல், தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, தானாக வழியவிட வேண்டும்.