தூங்கப் போன வலது கை

தி.நகர் பட்டுக்கடையில் வைரவன் அண்ணாச்சி பெயருக்குத்தான் முதலாளி. நிஜ முதலாளி அவருடைய வலது கை. கண்ணை மூடிக்கொண்டு முந்தானையைக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். அசல் பட்டென்றால் வெதுவெதுப்பு ஏறும். செயற்கை நூல் என்றால் ஐஸ்பெட்டி மீன் மாதிரி சில்லென்று கிடக்கும். அவர் தொட்டு “எடுத்துக்கோங்க” என்றால்தான் கல்யாண வீட்டார் பணப்பையைத் திறப்பார்கள்.

முட்டிவலிக்கு இந்தப் பெருமையெல்லாம் தெரியவில்லை. மாத்திரை, தைலம் எல்லாம் தோற்றபின், மகன் மகேஷ் அவரை அபிராமபுரத்தில் ஹிப்னாடிசத்தால் வலி போக்கும் டாக்டர் ஜெயஸ்ரீயிடம் கூட்டிப்போனான்.

“முட்டி சேதி அனுப்பிக்கிட்டேதான் இருக்கும் சார். மூளையில ‘ஐயோ’ங்கிற இடத்தைத்தான் அடக்கப்போறோம். முதல்ல ஒரு கை மரத்துப்போகும். அதால முட்டியைத் தொட்டா மரப்பு அங்கயும் இறங்கிடும். ஏதாவது ஒரு கையைக் கொடுங்க.”

படித்த அம்மா கேட்கும்போது இடது கையையா நீட்டுவது? மரியாதை தெரிந்த மனுஷர், வலது கையைக் கொடுத்தார்.

முட்டி அடங்கிற்று. கை அதைவிட அடங்கிற்று. கைகுலுக்கிய ஆடிட்டருக்குப் பல்வலியே நின்றுபோனது; நம்பாதவர்கள் பாலவாக்கம் போய் அவரையே கேட்கலாம்.

அடுத்த வாரம் சரக்கு வந்தது. அண்ணாச்சி தேய்த்தார். சூடும் இல்லை, குளிரும் இல்லை. வெட்கத்தில், “பட்டுதான்” என்றார். அது பாதிக்குப் பாதி கலப்படம் என்று மகேஷுக்குத் தெரியும். அடுத்த முறையும் அதே சரக்கையே வரவழைத்தான்.

முகூர்த்தங்கள் வந்து போயின. அண்ணாச்சியும் தொட்டார், தலையாட்டினார். கடைசியில் மனசு பொறுக்காமல் டாக்டரிடம் ஓடினார்.

“கையை எழுப்பினா முட்டியும் எழுந்துக்கும் சார்.”

“எழுந்துக்கட்டும்.”

நொண்டிக்கொண்டே கடைக்கு வந்து அலமாரிப் புடவைகளைத் தொட்டார். சில். அடுத்த தட்டு. அதுவும் சில்.

“ஏலே மகேஷ், என்னலே இது?”

“எல்லாம் நீங்க தொட்டுச் சொன்னதுதானப்பா.” மகேஷ் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஒரு புடவையாவது திரும்பி வந்துச்சா? உங்க கைராசி அப்படி.”

அதற்குள் ஷண்முகப்ரியா என்ற கல்யாணப் பெண் அரக்குப் புடவையோடு வந்து நின்றாள். “அண்ணாச்சி, ஒரு தடவை தொட்டுச் சொல்லிடுங்க. போன மாசம் அக்காவுக்கும் நீங்கதான் சொன்னீங்க.”

தொட்டார். இதைப் பட்டில்லை என்று சொன்னால் அக்காவுடையதும் பட்டில்லை. இத்தனை மாதமாகக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்த அத்தனை பேருடையதும் இல்லை. குளிர்ச்சி முழங்கை வரை ஏறிற்று.

“எடுத்துக்கோம்மா” என்றார்.

மறுநாள் அபிராமபுரத்தில் முதல் ஆள் அவர்தான்.

“முட்டி எப்படி இருக்கு சார்?”

“பிரமாதமா வலிக்கு.”

“சரி, தூங்க வச்சிடுவோம்.”

“அது கிடக்கட்டும் டாக்டரம்மா. கையை மட்டும் தூங்க வைங்க.”