நெரெய்தாவுக்கு ஏறிய துரு

"கதவுல எங்க கை வெச்ச?"

"கைப்பிடிக்குக் கீழ. ஏன், ஒடச்சுட்டேனா?"

"அங்க இருந்த துருவக் காணோம்."

"இங்க இருக்கு," என்று நெரெய்தா உள்ளங்கையைக் காட்டினாள்.

ஹவானாவில், கடற்கரைச் சாலைக்கு ஒரு தெரு உள்ளே, கல்யாணமான ஒன்பதாம் நாள் அவளும் கணவன் எவுதால்தோவும் பேசிக்கொண்டது இது. அவள் தொட்டால் காரின் துரு அவளுக்கு ஏறிவிடும் என்பது அன்றுதான் தெரிந்தது. அவனுடைய 1953ஆம் வருடத்து செவ்ரோலேயைக் கடல் உப்பு தின்றுகொண்டிருந்தது. மற்றவர்கள் பால்டப்பாத் தகரத்தை வைத்து ஓட்டையை அடைத்தார்கள். இவன் அவள் கையைத் தன் கைக்குள் பிடித்து, சக்கரத்தின் மேல்வளைவு நெடுக மெல்ல நடத்திக்கொண்டு போனான். கல்யாணத்தன்று மழை, வண்டி நனையுமென்று அவளை நடக்கவைத்தே வீட்டுக்குக் கூட்டிவந்தவன். அப்படிப்பட்டவன் இன்று கையைப் பிடித்ததில் அவள் மயங்கிப்போனாள்.

அதன்பின் பத்தொன்பது வருடம். முதலில் அவள் விரல்கள் மடங்காமல் போயின, பிறகு முழங்கை, பிறகு கழுத்து. வண்டி மினுமினுத்தது. சனிக்கிழமைதோறும் புதுமணப்பெண்களை ஏற்றிக்கொண்டு போனது. இருக்கையில் கறை படியும் என்பதால் நெரெய்தாவை மட்டும் ஏற்றவில்லை. எதிர்வீட்டு ஸோய்லா மாடியிலிருந்து, "என்னடா எவுதால்தோ, ஊரே வண்டிக்குத் துணி போத்துது, நீ பொண்டாட்டியப் போத்துற" என்பாள். ப்ளிமத் கார் வைத்திருந்த பக்கத்துவீட்டுக்காரன் நெரெய்தாவை ஒருநாள் இரவல் கேட்டான். "அவ உடம்புல கொஞ்ச எடந்தான் மிச்சம். அது என் வண்டிக்கு வேணும்," என்றான் எவுதால்தோ. கேட்டவனுக்கு அது நியாயமாகவே பட்டது.

வண்டியின் அடிப்பக்கத்துக்கு அவள் கை எட்டாது. அதனால் மாதத்தின் முதல் ஞாயிறு அவன் கீழே படுத்து, பழைய என்ஜின் எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து வெறுங்கையால் தடவுவான். "கொஞ்சம் பொறு கண்ணு, முடிஞ்சிடுச்சு," என்று தகரத்திடம் பேசுவான். வாசற்படியிலிருந்து பார்க்கும் நெரெய்தாவுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு வார்த்தை தொண்டைவரை வரும். விழுங்கிவிடுவாள்.

ஒரு ஜனவரியில் வடகாற்று அடித்து, கடல் கரையோரத் தடுப்புச்சுவரைத் தாண்டித் தெருவுக்குள் வந்தது. எல்லோரும் வண்டிகளை ஊருக்குள் ஓட்டிப்போனார்கள். எவுதால்தோவிடம் பெட்ரோல் இல்லை. மனைவியைத் தூக்கிவந்து வண்டிக்கும் கடலுக்கும் நடுவில் நிறுத்தினான். மூன்று நாள் நின்றாள். காலையில் காப்பி கொண்டுவந்து புகட்டினான்; பெண்டாட்டியை அவன் பார்த்துக்கொள்ளவில்லை என்று தெருவில் யாரும் சொல்லிவிட முடியாது.

காற்று ஓய்ந்தது. வண்டியைச் சுற்றிவந்து பார்த்தான், ஒரு புள்ளி இல்லை. பூரித்துப்போய் எண்ணெய் டப்பாவோடு அடியில் படுத்தான். "கொஞ்சம் பொறு கண்ணு." மேலே, பழைய கதவு திறப்பதுபோல ஒரு கிறீச். கீலில் எண்ணெய் இல்லையோ என்று அவன் தலையை நீட்டிப் பார்த்தான். கதவு மூடித்தான் இருந்தது. திறந்தது நெரெய்தாவின் தாடை.

"எவுதால்தோ, மிச்சமிருந்தா எனக்கும் கொஞ்சம் தடவி விடேன்."