வராத விசில்

முதல் விசிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு பாப்பா கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். வயது நாற்பத்து நான்கு, கண்ணாடிகூடப் போட்டாகிவிட்டது. அப்பாவுக்கு மட்டும் இன்னும் பாப்பாதான். அவர் அப்படிக் கூப்பிட்டு நான்கு நாளாகிறது. கண் திறந்து மூடுகிறது, பேச்சில்லை. "நல்லாக் குழைஞ்சதா ரெண்டு ஸ்பூன் உள்ள போனாப் போதும்மா, பாத்துக்கலாம்" என்று நேற்றுக் காலையில் டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அப்பா முப்பது வருடம் ஆலையில் பாய்லர் பார்த்தவர். ஒருநாள் அது வெடித்தபோது, கூட வேலை செய்தவரை வெளியே தூக்கி வந்தவரும் அவர்தான். அதன்பிறகு வீட்டில் குக்கர் என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. "அங்க ஒண்ணோட மாரடிக்கிறது போதாதா?" என்பார். அம்மா கடைசிவரை பானையில்தான் சோறு வடித்தாள்.

நன்றாகக் குழைய வேகட்டும் என்று நேற்று பாப்பா அவருக்குத் தெரியாமல் குக்கர் வாங்கிவந்தாள். கடைக்காரர் ஐந்து லிட்டரைத் தலையில் கட்டப் பார்த்தார். ரெண்டு பேருக்கு மூணு லிட்டர் போதும் என்று இவள் பிடிவாதம் பிடித்தாள்.

"பாதிக்கு மேல போடாதீங்கம்மா. மூடுறதுக்கு முன்னாடி இந்த ஓட்டையில வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. அவ்வளவுதான்."

வெளிச்சம் பார்த்தாள். அளவில்தான் கோட்டைவிட்டாள். நாளைக்கும் அப்பா சாப்பிடட்டும் என்று அரிசி, பருப்பு, தண்ணீரெல்லாம் சேர்த்துக் கழுத்துவரை போட்டுவிட்டாள்.

புஸ்ஸென்று வந்துகொண்டிருந்த ஆவி நின்றுபோனது. இனி விசில்தான் என்று நினைத்துக் காத்திருந்தாள். நேரம்தான் போனது, விசில் வரவில்லை. அப்போது அப்பாவின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கின. அவ்வளவு பலம் எங்கே இருந்ததோ.

"அடுப்புல என்ன?"

"கஞ்சிப்பா."

"பொய் சொல்லாத. ஆவி நின்னுபோச்சு. எவ்ளோ நேரமாச்சு?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும்ப்பா."

"அடைச்சிக்கிச்சு. போய் அடுப்ப அணை. மூடியில கைய வச்சிடாத. நான் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது. ஓடு பாப்பா!"

ஓடினாள். குக்கர் ஒரு சத்தமும் இல்லாமல் நின்றது. மூடி லேசாக உப்பியிருப்பதுபோல் பட்டது. அடுப்பின் திருகு அதற்கு நேர் கீழே. முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டித் தடவினாள். விரல் இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை திருகிவிட்டு, பின்வாசல் பக்கம் பாய்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"அணைச்சிட்டேன்ப்பா!"

பதில் இல்லை. அறைக்குத் திரும்ப வேண்டுமென்றால் அடுப்பைத் தாண்டித்தான் போயாக வேண்டும். இப்போது வெடிக்கும், இதோ வெடிக்கும் என்று நின்றாள். "அப்பா" என்று இன்னொரு தடவை கூப்பிட்டாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கடந்து ஓடிவந்தபோது, அப்பாவின் முகம் சமையலறைப் பக்கம் திரும்பியிருந்தது. மூச்சு இல்லை.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது.

"கடைசியில பக்கத்துல இருந்தியா பாப்பா?" என்று அண்ணன் அழுதுகொண்டே கேட்டான்.

அவள் தலை தானாக ஆமென்று ஆடியது. பயந்து ஒளிந்துகொண்டிருந்தேன் என்று எந்த வாயால் சொல்வாள்?

வந்தவர்களுக்கு டீ போட அண்ணி சமையலறைக்குள் போனாள். பாப்பா பின்னாலேயே போனாள்.

"இதென்ன, குக்கரா? மாமா விடவே மாட்டாரே!" அண்ணி தொட்டுப் பார்த்தாள். "சில்லுன்னு ஆயிடுச்சு. உள்ள என்ன இருக்கு?" அவள் கை மூடிக்குப் போனது.

"தொறக்காதீங்க அண்ணி!"

அண்ணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏன்டி?"

"அப்பா இன்னும் சொல்லல."

அண்ணி அவள் முகத்தையே பார்த்தாள். கையை மெல்ல எடுத்துக்கொண்டு, பக்கத்து அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைத்தாள்.