'வெளியே' பொத்தான்

நன்னடத்தை அதிகாரிகளுக்குக் கொடுத்த புதிய செயலியில் இரண்டே பொத்தான்கள். கோர்ட் கண்காணிப்பில் விட்டிருப்பவரின் வீட்டுக்குள் நுழையும்போது 'உள்ளே', கிளம்பும்போது 'வெளியே'. அரை மணி கடந்தும் 'வெளியே'யை அமுக்காவிட்டாலோ, நடுவில் போன் அணைந்தாலோ, போலீஸ் ஜீப் அந்த வாசலுக்கு வந்துவிடும்; வழியிலேயே 'வெளியே'யை அமுக்கிவிட்டால் திரும்பிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் அதிகாரி அம்மாளுக்கு உள்ளே போகும்போது இருக்கும் ஞாபகம் வெளியே வரும்போது இருக்காது.

போன மாதம் அவள் கடைத்தெருவில் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருக்க, ஜீப் அவள் கண்காணிப்பில் இருந்த ஒரு வெல்டரின் வாசலில் போய் நின்றது. மாடியிலிருந்து பார்த்த வீட்டுக்காரம்மா, "இன்னொரு தடவை போலீஸ் வந்தா அன்னிக்கே ரூமைக் காலி பண்ணிடு" என்று சொல்லிவிட்டார். திருட்டு வழக்கில் சிக்கியவனுக்கு வேறு யார் ரூம் கொடுப்பார்கள்? தன் மறதி அவன் தலையில் விடிந்ததே என்று அதிகாரிக்கு வெட்கமாக இருந்தது.

இன்று அவள் வெல்டரிடம் பட்டறை வேலையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தபோது, அவனுடன் சேர்ந்து பூட்டு உடைத்த பழைய கூட்டாளி நெட்டை திடுதிப்பென்று உள்ளே வந்து கதவைத் தாழிட்டான்.

"ஒரு வேலை இருக்கு, கிளம்புடா" என்றவன், அதிகாரியைக் கண்டதும் கத்தியை எடுத்தான். அவள் போனைப் பிடுங்கி அணைத்தான். "இப்ப யாரைக் கூப்பிடுவே?"

அவள் குரல் பிசகவில்லை. "நான் எதுக்குக் கூப்பிடணும்? நீயே கூப்பிட்டுட்டே. போன் அணைஞ்சா ஜீப் வரும்."

நெட்டை வெல்டரைப் பார்த்தான்.

"நிஜந்தாண்ணே. ஏற்கெனவே ஒரு தடவை பட்டிருக்கேன்."

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் முழித்தான் நெட்டை. அவசர அவசரமாகப் போனை உயிர்ப்பித்து, திரையில் தெரிந்த பொத்தானைக் காட்டி அவளிடம் நீட்டினான். "வெளியேன்னு அமுக்கு!"

அமுக்கினால் ஜீப் திரும்பிவிடும், வெல்டரின் ரூமும் தப்பிக்கும். அவள் விரல் தயங்கியது.

"அமுக்காதீங்க மேடம்." வெல்டர் கத்திக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றான். "ரூம் போனா போகுது. உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வெளியே நடமாடுவேன்?"

நெட்டை தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு ஓட்டம் பிடித்தான். தெருமுனையில் ஜீப், கத்தியும் கையுமாக ஓடி வந்தவனை வரவேற்று ஏற்றிக்கொண்டது.

வீட்டுக்காரம்மா இடுப்பில் கை வைத்தபடி படியிறங்கி வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் அதிகாரி முந்திக்கொண்டாள். "அம்மா, போன மாசம் ஜீப் வந்தது, போன்ல 'வெளியே'ன்னு அமுக்க நான் மறந்ததால. இன்னிக்கு வந்தது என் உயிருக்காக. கத்திக்கும் எனக்கும் நடுவுல நின்னு காப்பாத்தினது இவர்தான்."

வீட்டுக்காரம்மா வெல்டரை மேலும் கீழும் பார்த்தார். திரும்பி விறுவிறுவென்று மாடியேறிப் போய்விட்டார். வெல்டரின் முகம் தொங்கிப்போயிற்று.

"நாளைக்கு மறுபடி பேசிப் பார்க்கிறேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டு அதிகாரி தெருவில் இறங்கி நடந்தாள். நாலடி வைப்பதற்குள் மாடியிலிருந்து ஓர் அதட்டல்:

"ஏம்மா, வெளியே அமுக்கினீங்களா? சும்மா சும்மா ஜீப்பை அனுப்பி எங்க வீட்டுப் பிள்ளையை அலைக்கழிக்காதீங்க!"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள்.